சிடி லேபிள் ஓரம் தூக்கிக்கொள்கிறது, தமிழ் எழுத்தும் பிரிகிறது: உதவி தேவை

கோத்தகிரி லயம்:
வணக்கம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. தாத்தா பாடிய காமன் கூத்துப் பாடல்கள் கேசட்டில் இருந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றி ஆடியோ சிடியாக எழுதியிருக்கிறேன். மாசியில் காமன் ஊன்றும்போது சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

சிக்கல் லேபிளில்தான். ஏ4 தாளில் இரண்டு வட்டம் வரும் ஒட்டும் தாளில் அச்சடித்து ஒட்டினேன். ஒட்டியபோது படிந்துதான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்த பிறகு ஓரம் சுருண்டு எழும்புகிறது, நடுவில் கொப்புளம் வேறு. ஜீப்பில் பாட்டுப் போட்ட மாமாவின் ஸ்டீரியோ சிடியை விழுங்கிக்கொண்டு திருப்பித் தர மறுத்துவிட்டது. படமும் வட்டத்துக்குள் சரியாக உட்காரவில்லை. இடப்பக்கம் பிறை போல வெள்ளை தெரிகிறது. வளைத்து எழுதிய 'கோத்தகிரி'யில் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கிறது.

ஒட்டியதை உரித்துவிட்டு வேறு ஒட்டலாமா?

குன்னூர் ஸ்டூடியோ:
தம்பி, உரிக்காதீர்கள்! மற்றதெல்லாம் பிறகு.

சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய முழுவதும் அடிப்பக்கத்து பிளாஸ்டிக்தான். பாட்டு பதிந்த படலமும் பளபளக்கும் உலோகப் பூச்சும் மேலே, லேபிள் பக்கம் இருக்கின்றன. அவற்றைக் காப்பது மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றுதான். லேபிளை இழுத்தால் பூச்சும் சேர்ந்து வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உரிந்த இடம் கண்ணாடி போலத் தெரியும். அங்கே இருந்த பாட்டு போனது போனதுதான். அடிப்பக்கம் கீறினால் துடைத்து, தேய்த்து ஓரளவு மீட்கலாம். மேல்பக்கம் கீறினால் வழியில்லை. டிவிடி வேறு மாதிரி: இரண்டு 0.6 மில்லிமீட்டர் தட்டுகளுக்கு நடுவில் படலம் இருக்கும்.

லேபிள் எழும்பியதற்கு உங்கள் கை காரணமில்லை. தாள் ஈரத்தைக் குடித்து விரியும், பிளாஸ்டிக் விரியாது. நம் ஊர் மூடுபனியில் பசை எத்தனை நாள் தாங்கும்? அப்பளம் நமத்துப்போகிற ஊரில் தாள் மட்டும் நமக்காமல் இருக்குமா? வாயில் தட்டு நுழைக்கும் ஜீப் ஸ்டீரியோவுக்குத் தாள் ஒட்டிய சிடியே ஆகாது. உள்ளே இடைவெளி அவ்வளவு குறைவு.

மதுரை வாசகர்:
இந்தக் காலத்தில் சிடியா? எல்லோருக்கும் ஒரு பென் டிரைவ் கொடுத்துவிட்டுப் போங்களேன்.

கோத்தகிரி லயம்:
ஐயா, கொடுத்துப் பார்த்தாயிற்று. பேரப்பிள்ளைகள் தாத்தாவை அழித்துவிட்டு சினிமாப் பாட்டு ஏற்றிக்கொள்கிறார்கள். சிடியில் அது நடக்காது. பெரியவர்கள் வீட்டில் சிடி பிளேயர் இன்னும் ஓடுகிறது.

ஸ்டூடியோ அண்ணா, கணினியில் போட்டால் லேபிள் ஒட்டிய சிடி 'கர்ர்' என்று அதிர்கிறது. வீட்டு பிளேயரில் அப்படி இல்லையே?

குன்னூர் ஸ்டூடியோ:
ஆடியோ பிளேயர் தட்டை நிமிடத்துக்குச் சுமார் 200 முதல் 500 சுற்றுதான் சுற்றும். கணினி டிரைவ் 52 மடங்கு வேகம் எடுத்தால் பத்தாயிரம் சுற்றை நெருங்கும். லேபிள் கொஞ்சம் ஒருபக்கமாக ஒட்டியிருந்தாலும் அந்த வேகத்தில் தட்டு ஆடும். வேகத்தைக் குறைத்து அந்தச் சிடிகளிலிருந்து இப்போதே நகல் எடுத்துவிடுங்கள்.

ஊட்டி டிடிபி:
எழுத்துச் சிதறலுக்கு நான் சொல்கிறேன். எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று எழுதவில்லை. பழைய போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'கோ' யூனிகோடில் க, அதன்பின் ஓகாரக் குறி என்ற வரிசையில்தான் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அதற்குத் தமிழ் தெரியாவிட்டால் இப்படித்தான் கொட்டிவைக்கும். புதிய பதிப்புகள் சிலவற்றில் எழுத்து அமைப்புகளுக்குள் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள்.

பழைய பதிப்பென்றால் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டுங்கள். அதில் கொம்பு, க, கால் மூன்றையும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் நாமே தட்டுகிறோம். வளைத்தாலும் வரிசை மாறாது. டிடிபி கடைகள் அதை இன்னும் விடாததற்குப் பாதிக் காரணம் இதுதான். என்னைக் கேட்டால் தமிழை வளைக்கவே வேண்டாம். நேர்வரியில் இரண்டு வரி எழுதினால் பெரியவர்களுக்கும் தலையைச் சாய்க்காமல் படிக்க வரும்.

வெள்ளைப் பிறைக்கு: அச்சிடும்போது 'தாளுக்கு ஏற்பப் பொருத்து' என்பது போட்டிருக்கிறதா பாருங்கள். அதை எடுத்துவிட்டு அளவை 100 சதவீதம் ஆக்குங்கள். முதலில் வெற்றுத் தாளில் அச்சடித்து, லேபிள் தாளின் பின்னால் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஸ்கேலில் அளந்து, வடிவமைப்பை அதே அளவு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். பின்னணி வண்ணத்தையும் வட்டத்துக்கு வெளியே 2 மில்லிமீட்டர் வழியவிடுங்கள். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், 120 மில்லிமீட்டர் என்றால் சுமார் 1417 பிக்சல்.

கொடைக்கானல் பாடகர்:
எங்கள் கோவில் குழுவின் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கு மேல்பக்கம் வெள்ளைப் பூச்சுள்ள, நேரடியாக அச்சிடக்கூடிய சிடி வாங்கினோம். தாளும் இல்லை, பசையும் இல்லை. ஆனால் சாதாரண இங்க்ஜெட் மையில் அச்சிட்டதை ஈரக்கை பட்டால் நீலம் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவைத்தோம். கரி அடுப்புப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள், தட்டு நெளியும்.

கோத்தகிரி லயம்:
டிடிபி அக்கா, போட்டோஷாப்தான், பழைய பதிப்பு. பாமினியில் தட்டியதும் 'கோ' ஒட்டிக்கொண்டது. அச்சு அளவும் 97 சதவீதத்தில்தான் இருந்திருக்கிறது. நன்றி.

அண்ணா, என்னிடம் சாதாரண மைத்தொட்டி பிரிண்டர்தான். அதில் வெள்ளைப் பூச்சு சிடி போடலாமா?

குன்னூர் ஸ்டூடியோ:
முடியாது. சிடி வைக்கும் தட்டு வேண்டும். எப்சன் எல்805, எல்8050 போன்றவற்றில் உண்டு. அதற்காகப் புதிதாக வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பிரிண்டர் வைத்திருக்கும் ஸ்டூடியோவைத் தேடி மொத்தமாகக் கொடுங்கள். முதலில் பாட்டை எழுதி, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, பிறகுதான் அச்சு. எழுதுவதில் கெட்டுப்போனதற்கு மையை வீணாக்க வேண்டாம்.

அதுவும் கிடைக்காவிட்டால் சாதாரண சிடியில் சிடி மார்க்கரால் 'காமன் கூத்து' என்று மட்டும் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது, முனை அரக்கைக் கிழிக்கும். தாத்தா படம், பாட்டு வரிசை எல்லாம் உறையில் போகட்டும். நான் உறையைத்தான் சொல்வேன். தாள் நமத்தாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

கோத்தகிரி லயம்:
உறைதான் சரி என்று படுகிறது. சிடி வைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவுக்கு என்ன அளவில் வெட்ட வேண்டும்?

ஊட்டி டிடிபி:
முன்பக்க அட்டை 120க்கு 120 மில்லிமீட்டர். பின்பக்கத் தாள் 151க்கு 118, அதில் இரண்டு ஓரத்திலும் ஆறரை மில்லிமீட்டர் மடிப்பு. அலமாரியில் நிற்கும்போது தெரிவது அந்த மடிப்புதான், பெயரை அங்கேயும் போடுங்கள். பாட்டுப் பட்டியலில் தாத்தா பாடிய ஊரையும் சேருங்கள் தம்பி. பிழை பார்க்க வேண்டுமென்றால் கோப்பை இங்கேயே போடுங்கள்.