கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவை

மனச்சாய்வுகளை, அதாவது முடிவெடுக்கும்போது நம்மை அறியாமலே யோசனை ஒரு பக்கம் சாய்ந்துவிடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் "நானும் ஏமாந்தேன்" என்று சொல்ல எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். விற்கிற பக்கம், சேவை தருகிற பக்கம் நிற்பவர்கள் எழுதுங்களேன். எங்கள் புத்தி எந்த இடத்தில் வழுக்குகிறது என்பதைத் தினமும் பார்ப்பவர்கள் நீங்கள்தான். வழுக்காமல் தப்பியவர்களைப் பார்த்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

போர்வெல் வண்டிக்காரர், திருச்செங்கோடு

எங்க தொழில்ல 300 அடி வரைக்கும் ஒரு ரேட்டுங்க. அதுக்குக் கீழ ஒவ்வொரு நூறடிக்கும் ரேட்டு ஏறும். காசு ஏறுற மாதிரி தண்ணி கிடைக்கற வாய்ப்பு ஏறாது. எங்க பக்கம் கல்லு பூமி. மேல இருக்கற சிதைஞ்ச பாறையிலயும், அதுக்குக் கீழ வெடிப்புலயும்தான் தண்ணி நிக்கும். ஆழம் போகப் போக வெடிப்பு பொதுவா குறையும். இது தோட்டத்துக்காரங்களுக்கும் தெரியாம இல்ல. ஆனாலும் 600 அடி வரைக்கும் வெறும் புழுதியா வந்ததுக்கு அப்புறம் வண்டியை நிறுத்தச் சொல்றவங்க ரொம்பக் குறைவு. "இத்தனை போட்டாச்சு, இன்னொரு நூறடி பாத்துரலாம்"பாங்க. போட்ட காசு குழிக்குள்ள போயிருச்சு, அடுத்த நூறடியில தண்ணி இருக்கா இல்லையாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்நேரம் பாத்து ஒருத்தர் வந்து நின்னு, பக்கத்து ஊர்ல 900 அடியில பீச்சி அடிச்ச கதையைச் சொல்லுவார். அதே ஊர்ல காஞ்சு போன குழி எத்தனைன்னு யாரும் சொல்றதில்ல. அதுல சொல்றதுக்கு என்ன கதை இருக்கு?

ஒரு அம்மா மட்டும் வேற மாதிரி. வண்டி வர்றதுக்கு முன்னாடியே மோட்டார் ரூம் செவுத்துல கரியில 650ன்னு எழுதி வெச்சிருந்தாங்க. 650 வந்துச்சு, ஈரம்கூட இல்ல. இன்னும் அஞ்சு ராடு இறக்கலாம்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கறான். "இந்தக் காஞ்ச குழியை எவனோ ஒருத்தன் தோண்டி வெச்சுட்டு, மேக்கொண்டு நூறடிக்கு நீ காசு போடுன்னா போடுவயாடா?"ன்னாங்க. அவன் வாயைத் திறக்கல. வண்டியை எடுத்துட்டோம். கீழ தண்ணி இருந்துச்சா இல்லையான்னு அவங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்த வெவரம் தெரியாமத்தானுங்களே முடிவு பண்ணியாகணும்.

தென்னந்தோப்புக்காரர், பொள்ளாச்சி

அண்ணா, தண்ணி வராதுன்னு தோணினா நீங்களே நிறுத்தச் சொல்லலாமுல்ல?

போர்வெல் வண்டிக்காரர்

சொல்லிப் பாத்தாச்சுங்க தம்பி. "இன்னும் பத்தடியில தண்ணி இருந்துச்சு, வண்டிக்காரன் கெடுத்துட்டான்"னு ஊரே பேசும். இப்பல்லாம் அட்வான்ஸ் வாங்கும்போதே எத்தனை அடின்னு கேட்டு பில் புக்குல எழுதிக்கறேன். அதைத் தாண்டணும்னா திரும்பக் கையெழுத்து. கையெழுத்துன்னதும் பாதிப் பேர் வீட்டுக்குப் போன் போடுவாங்க. வீட்ல இருக்கறவங்க குழிக்குப் பக்கத்துல நிக்கலையே, அவங்களுக்குக் கணக்கு சரியா வருது.

பட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர், சென்னை

முகூர்த்தப் புடவை எடுக்க வர்ற குடும்பத்துக்கு முதல்ல எதை விரிக்கறோம்கறதுலதான் விஷயமே இருக்கு. பட்ஜெட் 15,000ன்னு சொன்னாலும், "சும்மா பாருங்கம்மா, எடுக்கவா சொல்றேன்"னு 48,000 ரூபாய் புடவையை விரிச்சுடுவோம். எடுக்க மாட்டாங்கன்னு எங்களுக்கும் தெரியும். அடுத்து 22,000 ரூபாய் புடவை வரும்போது "பரவாயில்லையே"ங்கற வார்த்தை தானா வந்துடும். 15,000 எங்க போச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஒரு பாட்டி உட்கார்ந்த உடனே, "தம்பி, பன்னெண்டாயிரத்துலேர்ந்து ஆரம்பி. மேல போகணும்னா நானே சொல்றேன்"னுட்டாங்க. எங்க சீனியர் அண்ணன் பழக்கதோஷத்துல மேல் தட்டுக்குக் கை நீட்டினார். "அது வேணாம், கீழே எடு." அவ்வளவுதான், முடிஞ்சுது எங்க வித்தை.

வணிகவியல் ஆசிரியை, மதுரை

அந்தப் பாட்டி செய்தது எவ்வளவு சரி என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் வருவது. ஒரு சக்கரத்தைச் சுற்றுவார்கள். வருகிற எண்ணைக் காட்டிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். சக்கரத்தில் 10 வந்த குழுவின் இடைநிலை மதிப்பீடு (பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 25. 65 வந்த குழுவுக்கு 45. கடைக்காரர் சொல்லும் விலைக்காவது புடவையோடு ஏதோ ஒட்டுறவு உண்டு. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன உறவு? சம்பந்தமில்லாத எண் என்று தெரிந்தும் அது இழுக்கிறது. அதனால் "நான் சுதாரிப்பாக இருப்பேன்" என்பதெல்லாம் ஆகிற காரியமில்லை. கடைக்காரர் காட்டும் முன்பே நம் எண் வாயிலிருந்து வந்துவிட வேண்டும்.

அறுவை சிகிச்சைப் பிரிவு செவிலியர், திருச்சி

எங்கள் பக்கத்தில் இன்னொரு விதம். "நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைச்சுடறாங்க" என்றால் குடும்பம் தலையாட்டும். அதையே "பத்துப் பேர் தவறிடறாங்க" என்றால் வேறு ஆஸ்பத்திரி விசாரிக்கப் போய்விடும். 1982-ல் நுரையீரல் புற்றுநோய் சிகிச்சையை வைத்து அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள்; கேள்வியின் வாசகத்தை மாற்றியதும் மருத்துவர்களின் விருப்பமும் மாறியது. நோயாளியின் மகள் ஒருத்தி, "ரெண்டு மாதிரியும் சொல்லுங்க டாக்டர், அப்பா கேட்டுக்கட்டும்" என்றாள். அவரும் சொன்னார். அப்பா அதற்குப் பிறகுதான், அந்தப் பத்துப் பேரில் தன் வயதுக்காரர்கள் எத்தனை என்று கேட்டார். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

காப்பீட்டு முகவர், கும்பகோணம்

போர்வெல் கதையைப் படிச்சுட்டு எல்லாத்தையும் பாதியிலே விட்டுடாதீங்க, அது ஒண்ணுதான் என் பயம். "கட்டினது போச்சு, உடனே சரண்டர் பண்றேன்"னு வர்றவங்க இப்ப அதிகம். முதிர்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கிற பாலிசியை முறிச்சா, சேர்ந்த போனஸ்ல ஒரு பகுதியை இழக்க வேண்டியிருக்கும். கட்டின தொகையை மறக்கறதுன்னா நிறுத்தறதுன்னு அர்த்தமில்லை. இன்னைக்கு முறிச்சா கையில என்ன வரும், இனிமே கட்டப்போறது எவ்வளவு, கடைசியில வரப்போறது எவ்வளவு, இந்த மூணையும் வெச்சுத்தான் பார்க்கணும். சில பாலிசிக்கு நிறுத்தறது சரி, சிலதுக்குத் தொடர்றது சரி.

அதனால பழைய ரசீது எதையும் கொண்டுவர வேண்டாம், பாலிசி நம்பர் மட்டும் போதும்னு போன்லயே சொல்லிடறேன். ஆனாலும் மஞ்சப்பை நிறைய ரசீதுக் கட்டோடதான் வர்றாங்க.