சிறுநீரகமும் கண் விழித்திரையும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, சிங்கப்பூர் ஈசூனில் எங்களோடு இருக்கிறார். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பல வருடமாக உண்டு. சிறுநீரகம் இப்போது மூன்றாம் கட்டம், இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் அளவு) 42. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) விழித்திரையைப் படம் எடுத்துவிட்டு, கண் மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்களும் விழித்திரையின் நுண்குழாய்களும் பல விதத்தில் ஒத்தவை. அதனால் பாதிப்பு இரண்டிலும் சேர்ந்தே வருவதுண்டு. குழாய்கள் குறுகலாம், நீர் கசியலாம், நரம்பிழை அடுக்கும் மெலியலாம். அந்த மெலிவை அளந்து காட்டுவது, ஒளியைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைப் படம் எடுக்கும் ஓசிடி ஸ்கேன்.

அம்மா தமிழ் முரசை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்கிறார். இன்சுலின் பேனாவில் எண் தெரியாமல், டிக் டிக் சத்தத்தை எண்ணி அளவு வைக்கிறார். எனக்கு அதுதான் பெரிய பயம்.

வீட்டில் இந்த இரண்டு பிரச்சினையும் உள்ளவர்கள் சொல்லுங்களேன்: ஓசிடி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள்? கை நரம்பில் சாயம் ஏற்றிக் கண்ணைப் படம் எடுக்கச் சொன்னால், முதலில் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டீர்களா? அப்புறம், இரண்டு மருத்துவர்களையும் ஒரே மருத்துவமனையில் பார்க்க ஏற்பாடு செய்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று அவசியம் எழுதுங்கள்.