அது என் செடி இல்லை

மண்வெட்டி:

பிள்ளைகளுக்குக் காய்கறித் தோட்டம் போடச் சொல்லிக்கொடுக்கிறேன். 12 முதல் 15 வயது வரை 11 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு பாத்தி, மூன்றடி அகலம், ஆறடி நீளம். மூன்றடி எதற்கு என்றால், எந்தப் பக்கம் நின்றாலும் நடுவரைக்கும் கை எட்டும், யாரும் உள்ளே இறங்கி மண்ணை மிதித்து இறுக்க வேண்டியதில்லை. விளைகிறது எதுவானாலும் அவரவர் வீட்டுக்கு. இதுதான் எங்கள் ஏற்பாடு. நான் விவசாயம் படித்தவன் இல்லை. 20 வருடமாக வீட்டுக்கு மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

அதில் ஒரு பெண், 13 வயது, பேச்சு குறைவு. மற்றவர்கள் வெண்டை, கீரை என்று போட்டார்கள், அவள் தக்காளிதான் வேண்டும் என்றாள். தட்டில் விதை போட்டதிலிருந்து எல்லாம் அவளே. ஆறு நாற்று தேறியது. தண்டு கொஞ்சம் தடிக்கும் வரை நான் பொறுத்திருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் பாத்தியில் இறங்கி வேலை செய்ய, இவள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னவோ போல் இருந்தது. முளைக்கும்போதே வருகிற விதையிலை போக, இரண்டு நிஜ இலை வந்ததுமே நடவைத்துவிட்டேன். அவளும் பாசத்தில் காலையும் மாலையும் பூவாளியைக் கவிழ்த்திருக்கிறாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் மூன்று நாற்று தரையோடு படுத்துக் கிடக்கிறது. மண் மட்டத்தில் தண்டு நீர் கோத்து, நூல் மாதிரி சுருங்கியிருந்தது. நாற்றழுகல்.

மனசு கேட்கவில்லை. என் வீட்டில் அதே நாளில் போட்ட நாற்றுகள் இருந்தன. இருட்டுவதற்குள் மூன்றைக் கொண்டுவந்து நட்டுவிட்டு, செத்ததை மட்குக் குழியில் போட்டுவிட்டேன். அதே குழியில், அதே ஈர மண்ணில் நட்டேன் பாருங்கள், அதிலேயே என் புத்தி தெரிந்துவிடும்.

மறுநாள் காலை அவள் வந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள்.

“இது என் செடி இல்ல, சார்.”

“எப்படிம்மா சொல்றே?”

“என் செடியில விதைத்தோல் ஒண்ணு விதையிலை நுனியில ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. பிய்ச்சா இலை கிழிஞ்சிடும்னு விட்டு வச்சிருந்தேன்.”

எள்ளளவு தோல். நான் அதைக் கவனித்ததே இல்லை. மட்குக் குழிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். வாடிய நாற்றை எடுத்து, சுருங்கிய இடத்தை நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, “தண்ணி ஜாஸ்தியா?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப ஏன் சொல்லல?”

பதில் இல்லை என்னிடம். இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

---

காலைப்பனி:

அண்ணா, நான் சொல்லியிருப்பேன். ஆனால் இப்படிச் சொல்வது எனக்குச் சுலபம், ஏனென்றால் என் பையன் விஷயத்தில் எனக்கே ஒன்றும் தெரியாமல் போனது நல்லதாகப் போயிற்று.

அவனுக்கு 16. கையில் போன் இல்லாமல் பார்க்க முடியாது. பூசணி விதை நாலு போட்டுவிட்டு மறந்துவிட்டான். கொடி தானாகப் படர்ந்து பூவும் பூத்தது. குட்டிக் காய் வரும், நாலைந்து நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். “உரம் போதல போல” என்றேன். உரம் போட்டான். கொடி இன்னும் செழித்ததே தவிர காய் நிற்கவில்லை. அப்புறம் அதே போனில் தேடி அவனே கண்டுபிடித்தான். பூவுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண்பூ, வெறும் காம்பு இருந்தால் ஆண்பூ. தேனீ வராவிட்டால் ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, நடுவில் இருக்கிற மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் நாமே தடவ வேண்டும். அதுவும் பூ விரிந்திருக்கிற விடிகாலையில். வெயில் ஏறினால் சுருங்கிவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப மூன்று தடவை கத்த வேண்டிய பிள்ளை, ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்தான். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்தேன், கிட்டே போகவில்லை. போயிருந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டேன்.

ஒரு காய் நின்றது. உள்ளங்கை அளவு வந்தபோது அதன் தோலில் ஆணியால் அன்றைய தேதியைக் கீறி வைத்தான். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் தழும்பாகிப் பெருத்தது. அறுத்த அன்று தேதி ஒரு சாண் நீளம் இருந்தது. அந்தத் துண்டை மட்டும் சமைக்க விடவில்லை, ஜன்னலில் வைத்திருந்தான், அழுகுகிற வரைக்கும்!

---

டீச்சரம்மா:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் வருவது ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள். அந்த வயதில் முதல் விதையே செத்துப்போனால் அடுத்த வாரம் பிள்ளை வராது. நானும் மாற்றி நட்டிருக்கிறேன். இப்போது திருட்டுத்தனமாகச் செய்வதில்லை, அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே ஒரு தட்டு நிறைய உதிரி நாற்று வளர்த்து, “இது எல்லாருக்கும் பொது, யார் செடி போனாலும் இங்கேயிருந்து எடுத்துக்கலாம்” என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளையே வந்து கேட்கும், தானே எடுத்து நடும். செடி போனதை மறைக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகளிடம் முதலிலேயே தக்காளியைக் கொடுக்காதீர்கள். நாற்று விட்டு, நட்டு, பழம் பார்க்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். முள்ளங்கி போட்டால் நாலைந்து நாளில் முளைக்கும், நல்ல ரகமாக இருந்தால் ஒரு மாதத்தில் பிடுங்கலாம். கீரையும் அப்படித்தான். அந்த அவகாசம்தான் அவர்கள் பொறுமைக்குக் கட்டுப்படும்.

முள்ளங்கியில் ஒரே சிக்கல், நெருக்கமாக முளைத்ததைக் கலைத்து விடுவது. “உயிரோட இருக்கிறதை ஏன் பிடுங்கணும்?” என்று ஒரு பிள்ளை அழுதே விட்டான். வற்புறுத்தவில்லை. அவன் வரிசையைத் தொடாமல் விட்டேன். பக்கத்து வரிசையில் இருந்தவள் நாலு விரல் இடம் விட்டு மற்றதைப் பிடுங்கி, அந்தப் பிஞ்சு இலைகளை அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போனாள். அறுவடையில் அவளுக்குக் கிழங்கு, இவனுக்கு இலையும் எலிவால் மாதிரி வேரும். பார்த்துக்கொண்டே நின்றான். அடுத்த தடவை முதல் ஆளாகக் கலைத்தது அவன்தான். பிடுங்கினதை மட்டும் பத்திரமாகக் கட்டு கட்டி எடுத்துப் போனான், ஒரு இலை வீணாக விடவில்லை.

---

கத்துக்குட்டி:

இங்கே எல்லாரும் சொல்லிக்கொடுத்தவர்கள். நான் கற்றுக்கொண்டவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று. எனக்கு இப்போது 19. பத்து வயதில் தாத்தா எனக்கு ஒரு மூலை கொடுத்தார், பீன்ஸ் போட்டேன். கொழுந்தில் அசுவினி, அதான் சாறு உறிஞ்சுகிற குட்டிப் பூச்சி, அப்பிக்கொண்டது. அதோடு கூடவே கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழுவும் நடமாடியது. பார்க்கவே கொடூரமாக இருந்ததால் இதுதான் வில்லன் என்று முடிவு கட்டி, ஒன்று விடாமல் நசுக்கினேன். பெருமையாகத் தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுநாள் வேறொரு செடியில் அதே புழு ஒன்றைக் காட்டி, “ஒரு அரை மணி நேரம் இதையே பாரு” என்று உட்கார வைத்தார். அது அசுவினியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. பொறிவண்டின் குஞ்சு அது! சிவப்பாக, அழகாக, கையில் ஏற விட்டு விளையாடுவோமே, அதன் குஞ்சு. நான் கூலிப்படையைக் கொன்றுவிட்டு எதிரியைக் காப்பாற்றியிருக்கிறேன். அந்தச் செடியில் அசுவினி அப்புறம் ஓயவே இல்லை.

மொத்த அறுவடை ஏழு பீன்ஸ். அம்மா அதைக் கடையில் வாங்கியதோடு சேர்த்து நறுக்கப் போனார். எது என்னுடையது என்று எப்படித் தெரியும்? சமையலறையிலேயே உட்கார்ந்து அடம்பிடித்தேன். பாட்டிதான் வழி சொன்னார். என்னுடைய ஏழை மட்டும் சாய்வாக நறுக்கினார்கள். சாப்பிடும்போது ஒவ்வொருவர் தட்டையும் எட்டிப் பார்த்து, சாய்வுத் துண்டு விழுந்திருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா தட்டில்தான் அதிகம் விழுந்தது. இன்னமும் எங்கள் வீட்டில் தோட்டத்துக் காய் என்றால் சாய்வாகத்தான் நறுக்குகிறார்கள்.

---

நிழல்வலை:

என்னுடையது தோல்விக் கதை, சுருக்கமாக. 16, 17 வயதுப் பிள்ளைகள், பெரிய இடம், நல்ல மண். என்ன பயிர் என்பதைப் பெரியவர்கள் நாங்களே முடிவு செய்தோம். பாதி வீடுகளில் சாப்பிடாத காய். விளைந்தது, யாரும் எடுத்துப் போகவில்லை. விடுமுறை வந்ததும் யார் எந்த நாள் தண்ணீர் விடுவது என்றும் பேசி வைக்கவில்லை. திரும்பி வந்தபோது வெண்டை எல்லாம் முற்றி, வளைத்தால் ஒடியாமல் நார் நாராக நின்றது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். முற்ற விட்டால் செடி விதையைப் பார்க்கப் போய்விடும், புதுக் காய் குறைந்துவிடும். இப்போது எங்கே தொடங்கினாலும் மண்ணைத் தொடுவதற்கு முன்பு ஒரே கேள்விதான் கேட்கிறேன்: “உங்க வீட்ல என்ன காய் தீர்ந்தா அம்மா, அப்பா உங்களைக் கடைக்கு அனுப்புவாங்க?” பதில் உடனே வரும். அதைத்தான் போடுகிறோம்.

---

மண்வெட்டி:

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா, பொதுத் தட்டு அடுத்த பருவத்திலிருந்து உண்டு.

கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் நட்ட மூன்றையும் அவள் பிடுங்கவில்லை, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை. “அது உங்களோடது, சார்.” சரி என்று நானே பார்த்துக்கொண்டேன். அதில் ஒன்று அதே அழுகலில் போனது, இரண்டு பிழைத்தது. அவள் தன்னுடைய மூன்றுக்கும் விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால்தான் ஊற்றுவாள். காய்ந்த இலையைப் பொறுக்கி வந்து மூடாக்கும் போட்டாள், நான் சொல்லாமலே.

முதல் பறிப்பு அன்று இரண்டு பை கொண்டுவந்திருந்தாள். பெரிய பை அவர்கள் வீட்டுக்கு. சின்னப் பையை என்னிடம் நீட்டினாள்.

“உங்க செடியில காய்ச்சது. எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அம்மாகிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.”

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். ஐந்து தக்காளி, அதில் இரண்டின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்திருந்தது. ஒரு நாள் காயப்போட்டு, மறுநாள் ஞாபகம் வந்து குடம் குடமாக ஊற்றினால் வருகிற அடியழுகல். அவள் பையில் அப்படி ஒன்றுகூட இல்லை, நான் பார்த்தேன்.