ஸ்டே கம்பிக் கோபுரமா, தானே நிற்கும் கோபுரமா?

பேண்ட்20:
அமெச்சூர் வானொலிக்கான யாகி ஆன்டெனாவுக்காக (அலைகளை ஒரு திசையில் குவித்து அனுப்பும் ஆன்டெனா) வீட்டில் 15 மீட்டர் கோபுரம் எழுப்புகிறவர்கள், பக்கங்களில் இழுத்துக் கட்டிய கம்பிகளால் நிற்கும் ஸ்டே கம்பிக் கோபுரத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகிறது. அந்த விசையைக் கம்பிகள் வாங்கிக்கொள்வதால் மெலிந்த சட்டமும் சிறிய அஸ்திவாரமும் போதும். தானே நிற்கும் கோபுரத்தில் அது முழுவதையும் அடிப்பகுதி மட்டுமே தாங்க வேண்டியிருப்பதால், செலவில் பெரும்பங்கு கான்கிரீட்டுக்கே போய்விடுகிறது.

துருவேட்டை:
மனையைக் கணக்கில் கொள்ளாமல் பேசுகிறீர்கள், நண்பரே. கம்பிகளை மண்ணில் பிடித்து நிறுத்தும் நங்கூரங்கள் வழக்கமாகக் கோபுர உயரத்தில் 80 விழுக்காடு தொலைவில் அமைகின்றன. அதாவது மூன்று திசைகளிலும் 12 மீட்டர் இடம் வேண்டும். பராமரிப்பும் எளிதல்ல. கம்பியின் இழுவிசை, அதன் அறுபடும் வலிமையில் சுமார் 10 விழுக்காட்டில் நிற்கிறதா என்று அவ்வப்போது அளக்க வேண்டும். கம்பியை இறுக்கும் திருகுகளான டர்ன்பக்கிள்கள் தாமாகத் தளராதபடி பூட்டுக்கம்பி கோக்க வேண்டும். நங்கூரத் தண்டோ கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் துருப்பிடிக்கிறது. அதில் ஒன்று அறுந்தாலும் கோபுரம் சாய்ந்துவிடும்.

பேண்ட்20:
தானே நிற்கும் கோபுரத்துக்கும் துரு உண்டு, ஐயா. குழாய்க் கால்களின் அடியில் நீர் வடியும் வழியைக் கான்கிரீட் அடைத்துவிட்டால், அவை உள்ளிருந்தே அரிக்கப்படும். இடிதாங்கலுக்காகச் செப்புப் பட்டையைத் துத்தநாகப் பூச்சுள்ள காலில் நேரடியாக இறுக்குவதும் அப்படித்தான். ஈரம் சேர்ந்ததும் துத்தநாகம் கரையத் தொடங்கும். இடையில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைப்பதைப் பலர் வீண்வேலை என்று நினைக்கிறார்கள், வேதியியல் அப்படி நினைப்பதில்லை.

துருவேட்டை:
ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம். மூன்று மூலைகளில் தோண்ட வேண்டியதில்லை.

ஏழுமெகா:
இருவருமே 15 மீட்டரை முடிந்த முடிவாகக் கொண்டுவிட்டீர்கள். 20 மீட்டர் பேண்டில் (சுமார் 20 மீட்டர் அலைநீளமுள்ள அலைவரிசையில்) கிடைமட்ட ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அலைகள் தரையிலிருந்து சுமார் 30 பாகைக் கோணத்திலும், 15 மீட்டரில் சுமார் 20 பாகையிலும், 20 மீட்டரில் சுமார் 14 பாகையிலும் வலுவாகக் கிளம்புகின்றன. கோணம் தாழத் தாழ அலை தொலைவாகப் போகும் என்பதால், தொலைதூர நிலையங்களே இலக்கென்றால் இந்த வேறுபாட்டுக்காகச் செலவிடலாம். 40 மீட்டர் பேண்டில் சில நூறு கிலோமீட்டருக்குள் பேசுகிறவருக்கு 10 மீட்டர் கம்பமும் ஓர் இருமுனைக் கம்பி ஆன்டெனாவுமே போதும். எதை நட்டாலும், அது விழுந்தால் மின்கம்பியைத் தொடுமா என்பதை முதலில் அளந்து பாருங்கள். தொடும் என்றால் அந்த இடத்தில் எந்தக் கோபுரமும் வேண்டாம்.