அம்மா முட்டி ஆபரேஷனுக்கு கேஷ்லெஸ் ரிஜெக்ட், "10 வருஷமா வலி"ன்னு எழுதினதால. என்ன பண்ணலாம்?

மயூர்விஹார் பையன்:
வணக்கம். டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் 1ல இருக்கோம். அம்மாவுக்கு 71 வயசு. அப்பா போனப்புறம் 2022 கடைசில கும்பகோணத்துலேர்ந்து இங்க கூட்டிட்டு வந்தேன், 2023 பிப்ரவரில அவங்க பேர்ல 5 லட்சத்துக்கு ஒரு சீனியர் சிட்டிசன் ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தேன். அப்ப சுகர் கிடையாது, பிரஷர் இருந்துச்சு அத சொல்லிட்டோம், மூட்டு நோய் இருக்கான்னு கேட்டதுக்கு இல்லன்னு போட்டோம் ஏன்னா அதுவரைக்கும் அதுக்குன்னு எந்த டாக்டர்கிட்டயும் போனதே இல்ல.

2024 ஆகஸ்ட்ல தான் முதல் முறையா எக்ஸ்ரே எடுத்தோம், ரெண்டு முட்டியும் தேய்மானம், வலது பக்கம் ரொம்ப மோசம்னு சொன்னாங்க. மாத்திரை, பிசியோ, ஊசின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டியாச்சு. இப்ப எங்க மூணாவது மாடி டிடிஏ ஃப்ளாட்லேர்ந்து கீழ இறங்கவே முடியல. மலை மந்திர் முருகன் கோயிலுக்கு போகணும்னு ஆசைப்படறாங்க, அந்தப் படிய நினைச்சே வேண்டாம்னுடறாங்க.

இந்த நவம்பர்ல முட்டி மாத்தற ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. எஸ்டிமேட் ரெண்டே முக்கால் லட்சம். அட்மிஷன் அன்னைக்கு ட்யூட்டி டாக்டர் எத்தனை நாளா வலின்னு கேட்டார், அம்மா தமிழ்ல "பத்து வருஷமாவே அப்பப்ப நோகும்ப்பா"ன்னாங்க, நான் அவசரத்துல ஹிந்தில "தஸ் ஸால் ஸே" (பத்து வருஷமா)ன்னு சொல்லிட்டேன், அந்த "அப்பப்ப" விட்டுப்போச்சு. அத அப்படியே கேஸ் ஷீட்ல எழுதி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிட்டாங்க. பாலிசிக்கு முன்னாடியே இருந்த நோய், அதுக்கு பணம் கிடைக்க காத்திருக்க வேண்டிய வெயிட்டிங் பீரியட் முடியல, கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்கு கம்பெனியே நேரா பணம் கட்டறது) கிடையாதுன்னு பதில் வந்துடுச்சு. ஆபரேஷன தள்ளி வச்சு வீட்டுக்கு வந்துட்டோம். என்னால தானேன்னு ரெண்டு நாளா தூக்கம் இல்ல. யாராவது வழி சொல்லுங்க.

டிபிஏ டெஸ்க்ல வேலை பார்த்தவன்:
தம்பி முதல்ல மனச தேத்திக்கோங்க, இந்த ஒரு வரியால கேஷ்லெஸ் போறத நான் க்ளெய்ம் பார்க்கற டிபிஏ டெஸ்க்ல உக்காந்து நிறைய பார்த்திருக்கேன். முக்கியமான விஷயம், கேஷ்லெஸ் மறுத்தா க்ளெய்மே போச்சுன்னு அர்த்தம் இல்ல. கையிலேர்ந்து கட்டிட்டு அப்புறம் பணத்த திரும்பக் கொடுங்கன்னு ரீஇம்பர்ஸ்மெண்ட் கேக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த வரிய சரி பண்ணணும், இல்லன்னா அங்கயும் அதே காரணம் தான் வரும்.

உங்க பாலிசி புக்லெட்ல "முன்பே இருந்த நோய்"க்கு விளக்கம் போட்டிருக்கும், அத எடுத்து படிங்க. பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடி இத்தனை மாசத்துக்குள்ள ஒரு டாக்டர் கண்டுபிடிச்சிருக்கணும், இல்லன்னா அதுக்கு டாக்டர் ஆலோசனையோ வைத்தியமோ சொல்லியிருக்கணும் அல்லது எடுத்திருக்கணும். வெறும் வலி இருந்துச்சுங்கறது அதுல வராது. வயசானவங்களுக்கு முட்டி நோகறதும் ஆர்த்ரைட்டிஸ்னு டாக்டர் சொல்றதும் வேற வேற.

அதனால ஆபரேஷன் பண்ணப் போற டாக்டர்கிட்ட போய் 2024 எக்ஸ்ரே ரிப்போர்ட், முதல் ஓபிடி (அட்மிட் ஆகாம காட்டினது) சீட்டு எல்லாத்தையும் காட்டி, நடந்தத அப்படியே சொல்லி ஒரு விளக்கக் கடிதம் வாங்குங்க. லெட்டர்பேட்ல, ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரோட, முதல்ல எப்ப கண்டுபிடிச்சதுன்னு தேதி போட்டு. கேஸ் ஷீட்ட அடிச்சு திருத்தச் சொல்லாதீங்க, திருத்தின பேப்பர் பார்த்தா சந்தேகம் இன்னும் கூடும். அம்மா கும்பகோணத்துல இருந்தப்ப நிஜமாவே யார்கிட்டயும் காட்டலையா? நல்லா கேட்டுக்கோங்க. ஒரு பழைய சீட்டு இருந்து அவங்க கைக்கு போச்சுன்னா விவரம் மறைச்சதா சொல்லி பாலிசியவே கேன்சல் பண்ணலாம். நீங்க பாலிசி எடுத்து இன்னும் 60 மாசம் ஆகல, அது முடிஞ்சா தான் மோசடிய நிரூபிச்சா ஒழிய மறைச்சதா சொல்லி மறுக்க முடியாது.

மயூர்விஹார் பையன்:
ரொம்ப நன்றி அண்ணா. அம்மாகிட்ட கேட்டேன், அங்க தைலம் தேய்ச்சுட்டு ஒத்தடம் கொடுத்துக்கறதோட சரி, டாக்டர்கிட்ட போகவே இல்லன்னு சத்தியம் பண்றாங்க. அக்கா கும்பகோணத்துல தான் இருக்கா, அவளும் அதையே தான் சொல்றா. மூட்டு மாத்தறதுக்கு தனியா 24 மாசம் வெயிட்டிங்னு போட்டிருக்கு, அது முடிஞ்சுடுச்சு.

ஆர்கேபுரம் அக்கா:
தம்பி அம்மாவுக்கு 71ங்கறீங்களே, அரசாங்கத்தோட மருத்துவக் காப்பீடு, ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு போட்டாச்சா? 70 முடிஞ்சவங்களுக்கு வருமானம் பார்க்காம கொடுக்கறது, 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க. டெல்லி 2025 ஏப்ரல்ல தான் சேர்ந்துச்சு, மத்திய அரசு 5 லட்சம், டெல்லி அரசு மேல 5 லட்சம், வருஷத்துக்கு மொத்தம் 10 லட்சம். அதுல வெயிட்டிங் பீரியடே கிடையாது, பழைய நோயும் முதல் நாள்லேர்ந்தே உண்டு. தனியா பாலிசி இருந்தாலும் போடலாம். ஆதார்ல இருக்கற வயச தான் பார்ப்பாங்க, டெல்லி அட்ரஸா இருக்கணும். அப்பா சென்ட்ரல் கவர்மெண்டா இருந்து அவங்களோட மருத்துவத் திட்டம் சிஜிஹெச்எஸ் இருந்தா மட்டும் அதுவா இதுவான்னு ஒண்ண தேர்ந்தெடுக்கணும்.

ஒரே விஷயம், எல்லா ஆஸ்பத்திரியும் அதுல கிடையாது, இருக்கற ஆஸ்பத்திரிலயும் எலும்பு டிபார்ட்மெண்ட்டுக்கு எடுத்திருக்காங்களான்னு நேர்ல போய் கேட்டுக்கோங்க. கண்ணுக்கு மட்டும் எடுத்திருப்பாங்க, போர்டு மட்டும் பெருசா தொங்கும், போய் நின்னா இல்லம்பாங்க. எங்க மாமியாருக்கு இதுலயே ஒரு நாள் போச்சு.

மயூர்விஹார் பையன்:
அப்பா மளிகைக் கடை வச்சிருந்தாங்க அக்கா, சிஜிஹெச்எஸ் இல்ல. ஆதார் அட்ரஸ் போன வருஷமே மாத்திட்டேன். கார்டு இன்னைக்கே போடறேன், இத்தனை நாள் இது தெரியாம இருந்திருக்கேன்.

ஜனக்புரி மாமா:
என் மனைவிக்கு ருமட்டாய்ட் மூட்டு வாதம், 14 வருஷமா. மாசா மாசம் மாத்திரை, ரத்த டெஸ்ட், பிசியோன்னு கையிலேர்ந்து தான் போகுது, ஏன்னா அட்மிட் ஆனா தான் பாலிசி, ஓபிடிக்கு தனியா சேர்த்து எடுத்தா தான் உண்டு. நாள்பட்ட வலிக்காரங்களுக்கு செலவே அங்க தான், அத யாரும் விக்கும்போது சொல்றதில்ல. பாலிசி எதுவும் இல்லாத 60 தாண்டினவங்களுக்கு மருத்துவச் செலவ வரி போடற வருமானத்துலேர்ந்து வருஷம் 50,000 வரை கழிக்கலாம், பழைய டாக்ஸ் முறைல மட்டும். அப்புறம் 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்ல, பிப்ரவரி ரின்யூவல்ல பில்ல பாருங்க.

டிபிஏ டெஸ்க்ல வேலை பார்த்தவன்:
தம்பி, கடிதத்தோட திரும்ப அனுப்பியும் மறுத்தா விடாதீங்க. கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க, முழு க்ளெய்ம மறுத்தா அவங்க ரிவ்யூ கமிட்டி ஒப்புதலோட தான் மறுக்கணும், எந்த விதிப்படின்னு எழுத்துல கேளுங்க. 30 நாள்ல பதில் வரலன்னாலோ திருப்தி இல்லன்னாலோ இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற ஆம்பட்ஸ்மன்கிட்ட போங்க, நம்ம ஊருக்கு ஆசஃப் அலி ரோடுல இருக்கு. ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள்ள போகணும். இன்சூரன்ஸ் புகாருக்கான பீமா பரோசா போர்ட்டல்லயும் போடலாம், 155255க்கு போன் பண்ணினாலும் பதிஞ்சுக்கறாங்க.

ரூம் விஷயத்துலயும் உஷார். 5 லட்சம் பாலிசில ரூம் வாடகைக்கு ஒரு சதவீதம்னு இருந்தா ஒரு நாளைக்கு 5,000 தான். 8,000 ரூம் எடுத்தீங்கன்னா டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் சார்ஜுலயும் அதே கணக்குல வெட்டுவாங்க. இம்ப்ளாண்ட், மருந்து, டெஸ்ட்ல வெட்டக் கூடாது.

மயூர்விஹார் பையன்:
அப்டேட். டாக்டர் ரொம்ப நல்லவர், எக்ஸ்ரே தேதிய பார்த்துட்டு உடனே கடிதம் எழுதிக் கொடுத்தார், 2024 ஆகஸ்ட்ல முதல்ல கண்டுபிடிச்சது, அதுக்கு முன்னாடி வைத்தியம் எதுவும் எடுக்கல, நோயாளி சொன்னது எப்பவாவது வர்ற வலியதான்னு. அதோட பாலிசி எடுக்கறப்ப கொடுத்த ப்ரபோசல் ஃபார்ம் காப்பி, முதல் ஓபிடி சீட்டு வச்சு திரும்ப அனுப்பினோம். கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டுட்டு போனார், இந்த முறை மெதுவா ஒவ்வொரு வார்த்தையா மொழிபெயர்த்தேன். ஆறாவது நாள் அப்ரூவல் வந்துடுச்சு. 5,000 ரூம் தான் எடுத்தோம். கையுறை, கிட் அது இதுன்னு 19,000 மட்டும் நாங்க கட்டினோம்.

வலது முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நேத்து வீட்டுக்கு வந்துட்டாங்க. வாக்கர் பிடிச்சு கிச்சன் வரைக்கும் நடந்தாங்க. கடைசியா ஒண்ணு, வீட்டுக்கு வர்ற பிசியோ செலவு கிடைக்குமா?

பாண்டவ்நகர் பிசியோ:
பாலிசில டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வர்ற செலவு 60 நாள் வரைக்கும்னு இருக்கும், உங்களுதுல எத்தனைன்னு பாருங்க. டிஸ்சார்ஜ் சம்மரில பிசியோ இத்தனை நாள்னு டாக்டர் எழுதியிருக்கணும், இல்லன்னா தையல் பிரிக்கப் போறப்ப தனியா எழுதி வாங்கிடுங்க. வெள்ளைத்தாள் ரசீது செல்லாது, ரிஜிஸ்டர் ஆன பிசியோவோட பில், தேதிவாரியா. சில பாலிசில வீட்டுக்கு வர்றத ஒத்துக்கமாட்டாங்க, முன்னாடியே மெயில்ல கேட்டு பதில வச்சுக்கோங்க. முட்டிய மடக்கற பயிற்சிய மட்டும் வலிக்குதுன்னு விட்டுடாதீங்க, முதல் ஆறு வாரம் ரொம்ப முக்கியம்.

மயூர்விஹார் பையன்:
சம்மரில எழுதல, வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கப் போறப்ப வாங்கிடறேன். எல்லாருக்கும் நன்றி. அம்மா இடது முட்டிக்கு எப்பன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.