வெள்ளி அடைப்பைத் தோண்டி எடுக்க வேண்டுமா?

குழு: அக்கா தங்கைகள்

கவிதா, காலை 9:12
சித்தி, அக்கா, ஒரு சந்தேகம். இந்த வருடம் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் பெரிய குழுவில் போடாமல் இங்கே கேட்கிறேன்.

கவிதா, 9:14
கீழ்க் கடைவாயில் இரண்டு பல்லில் பழைய வெள்ளி அடைப்பு இருக்கிறது. பள்ளியில் படிக்கும்போது அடைத்தது. அதில் பாதரசம் இருக்கிறது, கர்ப்பத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நேற்றிலிருந்து நாக்கு அங்கேயேதான் போகிறது.

சித்தி, 9:15
கேட்கவே மனசு குளிர்ந்துவிட்டது கண்ணு. சுமதி வரட்டும், பல் விஷயம் அவளுக்குத்தான் தெரியும். அதுவரை எதையும் தோண்டக் கொடுக்காதே.

சுமதி அக்கா, 9:40
வந்துவிட்டேன். வலி, கூச்சம் இருக்கிறதா? அடைப்பு ஓரத்தில் ஏதாவது சிக்கிக்கொள்கிறதா?

கவிதா, 9:43
வலி இல்லை. வலது பக்கம் மட்டும் சிக்கும். டார்ச் அடித்து எடுத்தேன், பாருங்கள்.
[படம்]

சுமதி அக்கா, 9:51
படத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் வலது பக்க அடைப்பின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது. அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். இடது பக்கத்தைப் பல் மருத்துவர் தட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

சுமதி அக்கா, 9:55
காரணம் இதுதான். வெள்ளி அடைப்பைத்தான் அமால்கம் என்பார்கள். அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இறுகிய பிறகு பாதரசம் மற்ற உலோகங்களோடு பிணைந்து கிடக்கும். மெல்லும்போது கசிகிற ஆவி மிகக் கொஞ்சம். டிரில் போட்டு உடைக்கும்போதுதான் அது கூடுதலாகக் கிளம்புகிறது. எதைத் தவிர்க்க நினைக்கிறாயோ அதையே தேடிப் போய் வாங்கிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும். கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போய்விடும்.

ரேவதி அண்ணி, 10:02
அப்படியென்றால் புதிதாக வெள்ளி அடைத்தாலும் பரவாயில்லையா?

சுமதி அக்கா, 10:08
இல்லை அண்ணி, அது வேறு கணக்கு. அமெரிக்காவில் மருந்து, மருத்துவச் சாதனங்களைக் கண்காணிக்கிற எஃப்டிஏ 2020 செப்டம்பரில் இரண்டையும் சேர்த்தே சொன்னது. கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் ஆகியோருக்குக் கூடுமானவரை புதிதாக அமால்கம் வைக்க வேண்டாம். நல்ல நிலையில் இருக்கிற பழையதை மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்கவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலையிலிருந்தே கர்ப்பிணிகளுக்கும் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பொதுவாக வைப்பதில்லை, 2025 முதல் மற்றவர்களுக்கும் அப்படித்தான்.

சுமதி அக்கா, 10:11
கவிதா, வலது பக்கம் சொத்தை இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே முடித்துவிடு. பல் நிறத்தில் இருக்கிற காம்போசிட் என்ற பிசின் அடைப்பை வைக்கச் சொல். பழையதை எடுக்கும்போது ரப்பர் ஷீட் மாட்டி, தண்ணீர் பீய்ச்சி, உறிஞ்சு குழாயை நன்றாக வைத்துச் செய்வார்களா என்று கேள். கேட்பதில் தப்பே இல்லை.

சித்தி, 10:20
நான் ஒன்று சொல்லவேண்டும். பெரியவன் வயிற்றில் இருக்கும்போது நாலாம் மாதம் கடைவாய்ப் பல் வலித்தது. பிரசவம் ஆகட்டும், இப்போது ஊசி போடக்கூடாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டு மூன்று மாதம் ஒரு பக்கமாகவே மென்றேன். ஏழாம் மாதம் ஒரு ராத்திரி கன்னம் வீங்கிக் கண் வரைக்கும் ஏறிவிட்டது. விடிய விடிய உட்கார்ந்தே இருந்தேன். மருத்துவர் திட்டினார், ஏன் அப்போதே வரவில்லை என்று.

சுமதி அக்கா, 10:26
சித்தி சொல்வதைத்தான் நானும் தினமும் பார்க்கிறேன். கர்ப்பத்தில் பல் வைத்தியம் செய்யலாம். மரத்துப்போக லிடோகெயின் ஊசி போடலாம், தேவைப்பட்டால் எக்ஸ்ரேவும் எடுக்கலாம். நாலு முதல் ஆறு மாதம் வரை நாற்காலியில் சாய்ந்திருக்க வசதி. ஆனால் சீழும் வீக்கமும் எந்த மாதத்திலும் காத்திருக்கக் கூடாது. மாத்திரைதான் கவனம். டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் குழந்தையின் பல்லில் கறை ஏற்றலாம். வலி மாத்திரையான இப்யூபுரூஃபனையும் நீங்களாகப் போடாதீர்கள், முக்கியமாக 20 வாரத்துக்குப் பிறகு.

ரேவதி அண்ணி, 10:31
கர்ப்பமாக இருந்தபோது எனக்கு ஈறில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது.

சுமதி அக்கா, 10:34
ஹார்மோன் மாற்றத்தால் வருவது. அதனால் கவிதா பல் சுத்தமும் இப்போதே செய்துகொள்ளட்டும். அப்புறம், மசக்கையில் வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதே. அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்கு.

கவிதா, 10:40
சரி அக்கா. வியாழன் காலை நேரம் வாங்கிவிட்டேன். போனதும் என்ன சொல்லவேண்டும்?

சுமதி அக்கா, 10:42
குழந்தைக்குத் திட்டமிடுகிறோம் என்பதை முதலில் சொல். நாள் தள்ளிப்போயிருந்தால் அதையும் சொல்.

சித்தி, 10:43
வியாழன் நான் கூட வருகிறேன். உன் அம்மாவிடம் வாய் திறக்க மாட்டேன்.