மாமாவின் பழைய மீன் தொட்டி: கல்லாய்ப் பிடித்த வெள்ளைக் கறையை எதைப் போட்டுக் கழற்றுவது?

மூன்றாம்மாடி_வெள்ளவத்தை கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்த கண்ணாடித் தொட்டி ஒன்று போன கிழமை லொறியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 3 அடி நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம். நல்ல தடிப்பான கண்ணாடி, எங்கும் வெடிப்பில்லை. ஆனால் தண்ணீர் நின்ற மட்டத்தில் நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது சிந்திக் காய்ந்துபோன மாதிரி. நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேய்கிறது.

பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், அசையவேயில்லை. பிறகு அவசரப்பட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை எடுத்தேன், கறை போகவில்லை, ஒரு மூலையில் கீறல்தான் மிச்சம். ஹாட்வெயார் கடையில் கேட்டால் டொய்லட்டுக்கு ஊற்றும் அசிட் போத்தலை நீட்டுகிறார்கள். அம்மா தேசிக்காய் போதும் என்கிறா. மகள் வாங்கிவைத்த எட்டுக் கப்பி மீன்கள் ஒரு வாளிக்குள் நிற்கின்றன, ஒவ்வொரு நாளும் "எப்ப அப்பா?" என்று கேள்வி. மீனுக்குப் பாதகமில்லாமல் இதைக் கழற்ற வழி உண்டா?

கொட்டாஞ்சேனை_கப்பி:

முதலில் அந்த டொய்லட் அசிட்டைத் திருப்பிக் கொடுங்கள். கறை கழரும், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் புகை மூச்சை அடைக்கும், அதில் சாயமும் வாசனையும் வேறு கலந்திருக்கும், மீன் விடப்போகிற தொட்டியில் அதற்கு வேலையே இல்லை.

உங்கள் அம்மா சொன்னது சரியான வழிதான். அந்த வெள்ளைக் கறை பெரும்பாலும் கல்சியம் காபனேட், புளிப்பான எதுவும் அதைக் கரைக்கும். ஆனால் 3 அடித் தொட்டிக்குத் தேசிக்காய் என்றால் ஒரு கூடை வேண்டும், விற்கிற விலைக்கு அது கட்டாது. வெள்ளை வினாகிரி இரண்டு மூன்று போத்தல் வாங்குங்கள். தென்னை வினாகிரியும் வேலை செய்யும், மணம்தான் கொஞ்சம் கூட. அதிலும் மலிவு வேண்டுமென்றால் கேக் சாமான் விற்கும் கடையில் சிட்ரிக் அசிட் தூள் கிடைக்கும், ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். கொதிநீர் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும்.

எல்லாரும் பிழைவிடுவது ஒரே இடத்தில்தான். வினாகிரியைத் தெளித்துவிட்டு உடனே தேய்க்கத் தொடங்குவார்கள். நின்ற கண்ணாடியில் தெளித்தால் அது வழிந்து ஓடிவிடும், கறையில் ஒட்டி நின்றால்தானே கரைக்கும்? தொட்டியை ஒரு போர்வைக்கு மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், கறை உள்ள கண்ணாடி அடியில் வரட்டும். பழைய சாரத்தைக் கிழித்துக் கறையின் நீளத்துக்குப் பட்டியாக விரித்து, வினாகிரியில் நன்றாக ஊறவிட்டு, மேலே ஒரு பொலித்தீன் மூடுங்கள், காயக்கூடாது. மூன்று நாலு மணித்தியாலம் தொடவேண்டாம். பிறகு காலாவதியான வங்கி அட்டையால் தள்ளிப் பாருங்கள். தடித்த இடம் ஒரே தடவையில் போகாது, துணியை மாற்றித் திரும்பவும் போடுங்கள். இப்படி நாலு பக்கத்துக்கும் ஒரு வார இறுதி முழுவதும் போகும், அவசரப்பட்டால் மற்ற மூலையும் கீறுவீர்கள்.

மூலையில் ஒட்டியிருக்கும் சிலிக்கனைச் சுரண்டாதீர்கள். வினாகிரி அதை ஒன்றும் செய்யாது, மீன் தொட்டி ஒட்டும் சிலிக்கன் காயும்போதே வினாகிரி மணம்தான் அடிக்கும்.

கிணற்றுத்தண்ணி:

தம்பி, அது உங்கள் மாமாவின் பிழை இல்லை, எங்கள் ஊர் மண்ணின் வேலை. குடாநாட்டுக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வரும். எங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தால் இதே வெள்ளைதான். தொட்டியில் வெயிலுக்குத் தண்ணீர் மட்டும் ஆவியாகும், கல்சியம் தங்கிவிடும். குறைந்த அளவுக்குத் திரும்பக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றுவோம், அது இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து சேர்க்கும். அதனால்தான் கறை எப்போதும் தண்ணீர் மட்டத்தில்.

கொழும்புப் பைப் தண்ணீர், களனி கங்கையிலிருந்து வந்தாலும் லபுகம, கலட்டுவாவ பக்கமிருந்து வந்தாலும், மென்மையானது, இவ்வளவு சீக்கிரம் இறுகாது. ஆனால் அழகுக்கென்று முருகைக்கல், சிப்பி போட்டுவிடாதீர்கள், அவை கரைந்து திரும்பவும் கல்சியத்தைத் தண்ணீரில் சேர்க்கும்.

முதலில் ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். சின்னச் சின்னக் குமிழி வந்தால் அது சுண்ணாம்பு, கரையும். வராவிட்டால் விஷயம் வேறு.

மூன்றாம்மாடி_வெள்ளவத்தை:

சொட்டு விட்டுப் பார்த்தேன். பட்டியில் சுர்ரென்று குமிழி வந்தது, மகளுக்குச் சந்தோஷம், இன்னும் விடச்சொல்லிக் கேட்டாள். ஆனால் பின்பக்கக் கண்ணாடியின் நடுவில் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல், அதில் ஒன்றும் வரவில்லை. அதற்கும் வினாகிரிதானா?

தெஹிவளை_பழையகடை:

நான் முன்பு மீன் கடையில் நின்றவன், அதனால் சொல்கிறேன். குமிழி வராத மங்கலுக்கு வினாகிரியை வீணாக்காதீர்கள். அது பெரும்பாலும் கறையே இல்லை, கண்ணாடியின் முகமே அரித்துப் போயிருக்கும், உங்கள் கம்பிச் சுருள் கீறலும் அப்படித்தான். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும் வரை மங்கல் மறைந்தால் அப்படியே விடுங்கள், தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் அந்த நுண்ணிய பள்ளங்களும் நிரம்பும், கண்ணுக்குப் படாது.

மேலே வங்கி அட்டை என்று எழுதியிருக்கிறார். நான் புது சவர பிளேட்தான் பாவிப்பேன், கண்ணாடி நனைந்திருக்கவேண்டும், பிளேட்டைச் சரித்துப் பிடிக்கவேண்டும். அக்ரிலிக் தொட்டியென்றால் பிளேட் கிட்டவே வரக்கூடாது.

இன்னொன்று. வினாகிரியோ வேறு எந்த அசிட்டோ போட்ட தொட்டிக்கு அன்றைக்கே பிளீச் ஊற்றிக் கிருமி கொல்ல நினைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வரும். ஒருமுறை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கூத்தை நானே ஆடி, இருமி இருமி வெளியே ஓடிவந்தேன்.

கழுவி முடிந்ததும் நாலைந்து தரம் நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள். கிணற்றுத்தண்ணி ஐயா சொன்ன அதே மென்மையான தண்ணீருக்குப் புளிப்பைத் தாங்கும் சக்தி குறைவு, மிச்சம் நிற்கும் வினாகிரி பீஎச்சை, அதாவது தண்ணீரின் புளிப்பைக் காட்டும் அளவை, சட்டென்று இறக்கிவிடும். பல நாள் காய்ந்து கிடந்த தொட்டி என்பதால் பல்கனியில் வைத்து நிரப்பி ஒரு நாள் முழுக்க ஒழுகுகிறதா என்று பாருங்கள். நிரம்பினால் ஏறத்தாழ 160 லீற்றர், அதாவது 160 கிலோ, கண்ணாடியின் பாரம் வேறு. மேசை தாங்குமா என்று யோசித்துவிட்டு வையுங்கள்.

மூன்றாம்மாடி_வெள்ளவத்தை:

எல்லாருக்கும் நன்றி. முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் பளிச்சென்று வந்துவிட்டது, மூன்று தரம் சாரத்துணி போட்டேன். முதலில் வங்கி அட்டை, பிடிவாதமாக நின்ற நாலைந்து திட்டுக்கு மட்டும் பிளேட். பின்பக்க மங்கல் நனைந்ததும் மறைந்தது, அதைத் தொடவில்லை. அங்கே வெளியே கறுப்புத் தாள் ஒட்டப்போகிறேன்.

தொட்டி இப்போது பல்கனியில் தண்ணீரோடு நிற்கிறது, நேற்றுப் பின்னேரத்திலிருந்து ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வீடு முழுக்க அச்சாறு போட்ட மணம். தன் வினாகிரிப் போத்தல் எங்கே என்று அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறா.